சங்கிலி மாட்டிய இடம்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. தபால்காரருக்கே அது மறந்து போயிருந்தது. துருக்காரர் வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். "ஊர்ல வயசானவனுக்கெல்லாம் சர்க்கரை வரும், ரத்தக்கொதிப்பு வரும். எங்க வீட்டுக்காரருக்குத் துரு பிடிச்சிருக்கு" என்று அவர் மனைவி எப்போதோ பால்காரரிடம் அலுத்துக்கொண்டாள். அது பாலோடு பாலாக எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

தெருவில் கடைசி வீடு அவருடையது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு கொட்டகைகள். முன் கொட்டகை பிழைப்புக்கு, பின் கொட்டகை ஆசைக்கு. முன் கொட்டகையில் புல் வெட்டும் மெஷின்களைப் பழுது பார்த்தார்கள். பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரித் தோட்டம் என்று எங்கெங்கிருந்தோ பழைய தள்ளு மெஷின்கள் வந்து இறங்கும். முறுக்கிய தகடுகள் உருளையாகச் சுழன்று, அடியிலிருக்கும் பட்டைக் கத்தியோடு உரசிக் கத்தரிக்கோல் போலப் புல்லை நறுக்கும் பழைய வகை. அவற்றைக் கழற்றித் துருவைச் சுரண்டி, பேரிங் மாற்றிப் பூட்டுவது துருக்காரர் வேலை. கூர் தீட்டுவது அவருடைய அண்ணி.

தகட்டில் சாணைப் பசையைத் தடவி, உருளையைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருப்பாள் அண்ணி. சர்ர் சர்ர் என்று அந்தச் சத்தம் மத்தியானம் வரைக்கும் கேட்கும். பிறகு பழைய செய்தித்தாளிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, தகட்டுக்கும் கத்திக்கும் நடுவே கொடுத்து மெல்ல உருட்டிப் பார்ப்பாள். தாள் சுத்தமாக நறுக்கிக்கொண்டு விழுந்தால் மெஷின் வாசல் தாண்டும். பிசிறு இருந்தால் மறுபடி சாணை. அறுபத்தேழு வயதிலும் அந்தக் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது.

பின் கொட்டகையில் மூன்று டிராக்டர்கள் நின்றன. ஊரார் எடைக்குப் போட்டவற்றை லாரி வைத்து ஏற்றி வந்து, வருடக் கணக்கில் மல்லுக்கட்டி உயிர் கொடுக்கப் பார்த்தவை. ஒன்று மூக்கு நீண்டது. ஒன்று, இவர் கை பட்டால் மட்டும் ஸ்டார்ட் ஆகும். இன்னொன்று ஆறு வருடமாகியும் ஒரு தும்மல்கூடப் போடாமல் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு கொட்டகைக்கும் நடுவில் இருபது அடி இடைவெளி, துணி காயும் கொடி ஒன்று. அந்தக் கொடியைத் தாண்டி அண்ணி போனதில்லை. போகாதே என்று யாரும் சொன்னதில்லை. ஏன் போகவில்லை என்றும் யாரும் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால், விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில், கிழங்கு மூட்டை ஏற்றிய டிரெய்லர் ஒன்று வயல் பாதையில் அச்சு வரை புதைந்துவிட்டது. அப்போது வீட்டில் ஒரு டிராக்டர் இருந்தது. அண்ணன் அதை வாடகைக்கு உழுது சம்பாதித்துக்கொண்டிருந்தார். இழுத்து விடச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அண்ணனும் தம்பியுமாகப் போனார்கள். அண்ணன் இருக்கையில் இருந்தார். தம்பி இறங்கிச் சங்கிலி மாட்டினார். இழுத்த வேகத்தில் முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்பி, வண்டி அப்படியே மல்லாந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்றரை நாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் அண்ணன். அவர் போன மறு வாரம், கேட்ட முதல் ஆளிடம் டிராக்டரைத் தள்ளிவிட்டார் அப்பா.

இவ்வளவும் எல்லோரும் அறிந்தது. தனக்கு மட்டும் தெரியும் என்று துருக்காரர் நினைத்திருந்த ஒன்று மிச்சமிருந்தது. இழுக்கிற சங்கிலியை டிராக்டரின் பின்னால் தாழ்வாக இருக்கும் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். உயரத்தில் மாட்டினால் வண்டி சுமையை இழுக்காது, தன்னையே பின்பக்கம் கவிழ்த்துக்கொள்ளும். இது இருபத்து மூன்று வயதிலேயே அவருக்குத் தெரியும். அன்று கொக்கி சேற்றுக்குள் முழங்கை ஆழத்தில் இருந்தது. கையை விட்டுத் துழாவ அலுப்பு. இருக்கைக்குக் கீழே கைக்கெட்டிய இரும்பில் சங்கிலியைச் சுற்றி மாட்டிவிட்டு, "ம், இழுங்க!" என்று குரல் கொடுத்தார்.

அண்ணி பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அந்த வருடம் மாமியார் படுக்கையில் விழுந்தாள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம். பிறகு ஒரு பெண் குழந்தை, அண்ணியின் இடுப்பிலேயே வளர்ந்தது. இன்று தூரதேசத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண் போன் செய்தால் முதலில் கேட்பது, "பெரியம்மா எங்கே?" என்றுதான். அந்த வீட்டில் அண்ணி சுவரும் கூரையும் மாதிரி ஆகிவிட்டாள். அண்ணன் பேச்சு மட்டும் எழாது.

எட்டு மாதங்களுக்கு முன்பு பழைய இரும்புக் கடைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, ஒரு வண்டி வந்திருக்கு. ஏதோ கிணத்து மேட்டுல இத்தனை வருஷமா மோட்டார் மாதிரி நிக்கவெச்சே ஓட்டியிருக்கான். சக்கரம் இல்ல, சீட்டு இல்ல. கேஸ் கட்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து பாத்துடுங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

போனார். நீலப் பெயிண்ட் உரிந்து, களையும் கொடியுமாக நின்றது வண்டி. அந்த மாடல் ஆயிரக்கணக்கில் வந்தது, அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இடது மட்கார்டுக்குச் சுற்றி வந்தபோதுதான் கால் நின்றது. மட்கார்டின் மேல் வளைத்த கம்பி ஒன்று பிடியாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. அண்ணனுக்கு எல்லா வேலையும் வரும், வெல்டிங் மட்டும் வராது. எச்சில் துப்பிய மாதிரி சொட்டுச் சொட்டாக வைப்பார். ஒட்டியிருந்த ஒவ்வொரு சொட்டும் அவர் கையெழுத்து. மட்கார்டில் உட்கார்ந்து வரும்போது அண்ணி பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கல்யாணமான புதிதில் வைத்த பிடி அது.

"என்னண்ணே, வேண்டாமா?" என்றார் கடைக்காரர்.

"ஏத்து" என்றார் துருக்காரர்.

அண்ணியைக் கண் ஆஸ்பத்திரிக்கு மனைவி கூட்டிக்கொண்டு போன நாளாகப் பார்த்து வண்டியை இறக்கி, பின் கொட்டகையின் கடைசி மூலையில் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார். மூன்றாம் நாளே மனைவி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே விற்ற வண்டிதான். ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"இது அதுதானே?"

"ம்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். முழு டிராக்டரைத் தார்ப்பாயில மறைக்கிற ஆளை இப்பதான் பாக்கறேன். அக்கா கண்ணுல பட்டா என்ன ஆகும்?"

"அவங்கதான் இந்தப் பக்கம் வர்றதில்லையே."

"எதுக்குங்க இது? வெட்டி எடைக்குப் போட்டிருப்பான், தலைமுழுகின மாதிரி இருந்திருக்கும்."

"வெட்ட விட மனசு வரலை."

"ஓட்டிடுவீங்களா?"

அவருக்கே தெரியாது. எஞ்சினை மட்டும் இறக்கினார். இறுகிப்போன பிஸ்டனுக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பதினைந்து நாள் ஊறவைத்து, கட்டையை வைத்துத் தட்டித் தட்டி, மயிரிழை மயிரிழையாக அசைத்தார். மற்ற வண்டிகளைப் பிரிக்கும்போது விசிலடிப்பார், திட்டுவார், தனக்குத்தானே சிரிப்பார். இந்த வண்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொள்வார். அண்ணி கேட்டதற்கு, குடல் புண் என்று மனைவி ஒரு பொய் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து அண்ணி அவருக்கென்று உப்பும் காரமும் இல்லாமல் தனியாகச் சமைக்க ஆரம்பித்தாள். அந்தச் சப்பென்ற சாப்பாடு ஒவ்வொரு வாயும் அவருக்கு முள்ளாக இறங்கியது.

ஒரு மத்தியானம், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசல் பட்டறைக்குப் புஷ் என்கிற உலோக வளையம் ஒன்று செய்து வாங்கப் போயிருந்தார். திடீரென்று காற்று கிளம்பியது. கடைகளின் பெயர்ப் பலகைகள் படபடத்தன, பின்னாலேயே மழை கொட்டியது. அரை மணி நேரம் பட்டறைக்காரரோடு டீ குடித்துக்கொண்டு நின்றார். மழை விட்டதும் சைக்கிளை மிதித்து வந்தவர், வாசலிலேயே மனைவி நின்ற நிற்பைப் பார்த்தார்.

"பின் கொட்டகைத் தகடு ரெண்டு பேந்து போச்சு. நான் மாடியில துணி எடுக்கப் போயிட்டேன். வண்டியெல்லாம் நனையுதேன்னு அக்கா ஓடியிருக்காங்க. தார்ப்பாயை இழுத்துக் கட்டத்தான் போயிருக்காங்க. கூப்பிட்டா வரலை. நீங்க போங்க."

கொட்டகைக்குள் கூரை திறந்த இடத்தில் வெளிச்சம் செவ்வகமாக விழுந்திருந்தது. தார்ப்பாய் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கவிழ்த்துப் போட்ட டீசல் டப்பா மேல் அண்ணி உட்கார்ந்திருந்தாள். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே சக்கரமில்லாமல், மரக்கட்டைகள் மேல் நின்றது வண்டி.

"புஷ் கிடைச்சுதா?" என்றாள் திரும்பாமலே.

"நாளைக்குத் தர்றேன்னாரு."

"எத்தனை மாசமா இங்க இருக்கு?"

"எட்டு."

"எட்டு மாசமா உப்பில்லாம காரமில்லாம பொங்கிப் போட்டிருக்கேன். புண்ணு வயித்துல இல்ல, இங்க இருந்திருக்கு."

அவர் மண்தரையிலேயே உட்கார்ந்தார். இவ்வளவு வருடம் எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு, ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"அண்ணி, அன்னிக்கு அந்தச் சங்கிலியை..."

"மேல மாட்டினே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரே சொன்னாரு. நீ மருந்து வாங்க ஓடினே பாரு, அப்போ. 'சின்னவன் சங்கிலியை மேல மாட்டிட்டான். நான் இறங்கி ஒரு தடவை பாத்திருக்கணும். மழையில எவன் இறங்குறதுன்னு உக்காந்துட்டேன். அவன்கிட்ட இதைக் கேட்டுடாதே, தாங்க மாட்டான்'னாரு. அவ்வளவுதான் பேசினாரு. அப்புறம் தண்ணி கேட்டாரு."

"தெரிஞ்சே... தெரிஞ்சேவா அண்ணி இத்தனை நாளும்..."

"என்ன பண்ணச் சொல்றே? மூணு வருஷம் உன் மேல கோபமாத்தான் இருந்தேன். உனக்குத் தட்டு வைக்கும்போதெல்லாம் கோபம். உன் பொண்ணு தவழ ஆரம்பிச்ச சமயம்னு நினைக்கிறேன், ஒரு நாள் தேடிப் பாத்தா கோபத்தைக் காணோம். எந்த நாள் போச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியலை."

கூரையிலிருந்து சொட்டு ஒன்று பானட் மேல் விழுந்து டங்கென்றது.

"சங்கிலிக்காகக்கூட அவ்வளவு கோபமில்லடா தம்பி" என்றாள். அவரை அவள் டா போட்டுப் பேசி முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "கட்டினவ பக்கத்துல உக்காந்திருக்கேன். கடைசியாப் பேசுற மனுஷன் எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதுலயும் உன் கவலைதான். அதை நினைச்சாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

அவர் அழுதார். துடைக்க எண்ணெய்த் துணிதான் கையில் இருந்தது. துடைக்கத் துடைக்க முகம் கரியாகிக்கொண்டே வந்தது. அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் கலந்து புரையேறி இருமினாள். கொடிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்த மனைவி, என்னவோ ஏதோ என்று சொம்பில் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அண்ணி சொன்னாள்: "ரெண்டு பேரும் கேளுங்க. டிவியில டிராக்டர் வந்தாப் போதும், நீங்க சேனலை மாத்துவீங்க. அவர் சட்டை, அவர் படம் எல்லாத்தையும் பரண்ல ஏத்தினீங்க. நான் நொந்து போயிடுவேன்னு. அவர் செத்த ஒன்றரை நாளை எல்லாரும் பத்திரமா வெச்சுக்கிட்டீங்க. அவரோட நான் இருந்த ஆறு வருஷத்தைப் பத்திப் பேச எனக்கு ஒரு ஆள் இல்லாமப் போச்சு. போதும். இதை ஓட வை."

மறுநாள் காலை முன் கொட்டகையில் சாணைச் சத்தம் கேட்கவில்லை. அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின் கொட்டகைக்கு வந்து, கழற்றி வைத்த நட்டுகளை மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். பள்ளிக்கூட மெஷின் என்ன ஆயிற்று என்று தோட்டக்காரர் கேட்டு வந்தபோது, "புல்லு எங்கயும் ஓடிப்போகாது, அடுத்த வாரம் வாப்பா" என்று திருப்பி அனுப்பினாள். துருக்காரர் சிலிண்டரில் ரிங் போட்டார், கேஸ்கட் வைத்தார், நாசிலைச் சுத்தம் செய்தார். கை வேலை செய்ய, காது அண்ணி பக்கமே இருந்தது. அவள் அதிகம் பேசிவிடவில்லை. நட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இதை ஒரு தடவை தொலைச்சிட்டு ராவெல்லாம் தேடினாரு, கடைசியில சட்டைப்பையில இருந்துது" என்பாள். அவ்வளவுதான். மனைவி இரண்டு வேளை டீயை அங்கேயே கொண்டுவந்து, போகாமல் நின்றுகொண்டாள். சாப்பாட்டில் உப்பும் காரமும் திரும்பி வந்தன.

தகராறு பெயிண்டில் வந்தது. பெயிண்டர் கம்பெனி நீலத்தில் ஒரு டப்பா கலந்து கொண்டுவந்திருந்தார்.

"நீலம் இல்ல, பச்சை" என்றாள் அண்ணி.

"அம்மா, இந்த மாடல்ல பச்சையே வரலை. பழைய வண்டிக் கண்காட்சியில போய் நிறுத்தினா, விவரம் தெரிஞ்சவன் சிரிப்பான். இவர் பேரு கெட்டுடும்."

அண்ணி தாள் வெட்டிப் பார்க்கும் அதே நிதானத்தோடு, ஒரு பழைய பிளேடை எடுத்துப் பானட்டின் ஓரத்தில் சுரண்டினாள். மேல் நீலம் உரிந்தது. அதற்கடியில் பச்சை வந்தது, பாசி மாதிரி அடர்ந்த பச்சை. அதையும் சுரண்டினால்தான் கம்பெனி நீலம்.

"ஜன்னலுக்கு அடிச்ச பெயிண்ட் மிச்சம் இருந்துது. எனக்குப் பச்சை பிடிக்கும்னு ஒரு வார்த்தை சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே பானட்டுக்கு அடிச்சிட்டாரு. எங்க மாமனார் ஒரு வாரம் அவரோட பேசலை."

பெயிண்டர் துருக்காரரைப் பார்த்தார். பழைய வண்டி சேர்ப்பவர்கள் நடுவே துருக்காரருக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு ஸ்குரூவைக்கூட வேறு மாடலிலிருந்து போட மாட்டார் என்று. அவர் ஒரு நிமிஷம் தாடையைத் தடவினார்.

"சிரிக்கிறவன் சிரிக்கட்டும். பச்சையே அடிங்க" என்றார்.

பெயிண்ட் காய்ந்து, கடன் வாங்கிய சக்கரங்களும் சீட்டும் பூட்டிய ஒரு காலை நேரம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. டீசல் ஊற்றி, குழாயில் அடைத்திருந்த காற்றைக் குமிழி குமிழியாக வெளியேற்றினார். மூன்று முறை முறுக்கியும் இருமலோடு நின்றுவிட்டது. நான்காவது முறை குபுக்கென்று கரும்புகை கக்கி, கொட்டகைத் தகடெல்லாம் அதிர, தட் தட் தட் என்று பிடித்துக்கொண்டது. மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அண்ணி பொத்தவில்லை. முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, வெகுநாள் கழித்து வந்த ஒருவரின் பேச்சைக் கேட்பது மாதிரி நின்றாள்.

துருக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கீழே பார்த்தார். சேர்த்து வைத்த வண்டிகளை எல்லாம் தள்ளுவார், திருப்புவார், கண்காட்சியில் நிறுத்துவார். அந்த மழை நாளுக்குப் பிறகு எந்த டிராக்டரையும் அவர் தெருவில் ஓட்டியதில்லை.

"அண்ணி, முதல்ல நான் ஒரு சுத்து தனியா..."

"ஒதுங்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் இடது மட்கார்டில் ஏறி, அண்ணன் வைத்த பிடியைப் பற்றிக்கொண்டாள். மனைவி கீழிருந்து முழங்காலைத் தாங்கிவிட்டாள். "அக்கா, பாத்து! ஏங்க, மெதுவா! சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்களாவது மெதுவாப் போங்க!"

வண்டி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது. தையல் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வாய்மேல் கை வைத்துக்கொண்டார்கள். துருக்காரர் யாரையும் பார்க்கவில்லை. முதல் கியரிலேயே, நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில், தெருமுனை திரும்பிப் பெரிய சாலையில் ஏறினார். இரு பக்கமும் வெட்டவெளியாக இருந்தது. காற்று வந்தது.

அண்ணி பேச ஆரம்பித்திருந்தாள். ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு கையை நீட்டித் தூரத்தில் எதையோ காட்டினாள். தலையை ஆட்டிச் சிரித்தாள். மறுபடி ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் ஒரு சொல்கூட அவர் காதில் விழவில்லை. ம், ம் என்று தலையாட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டினார். அவள் எங்கோ ஒரு நீண்ட கதைக்குள் போய்விட்டிருந்தாள்.

மாதக்கணக்கில் உழைத்து, மூன்று முறை இருமி, நான்காவது முறை பிடித்துக்கொண்ட எஞ்சின் அது. நிறுத்தினால் மறுபடி எப்போது பிடிக்குமோ தெரியாது. துருக்காரர் பாதி சாலையிலேயே பிரேக்கை மிதித்தார், டீசலை அடைக்கும் குமிழை இழுத்தார். தட் தட் என்று இரண்டு முறை குலுங்கி வண்டி அடங்கியது. சட்டென்று எங்கும் அமைதி. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அடித்தார்.

"ஏன்டா நிறுத்திட்டே? என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் ஆகலை. சத்தத்துல எதுவும் கேக்கலை அண்ணி. முதல்லேர்ந்து சொல்லுங்க."

பஸ்காரர் மறுபடி அடித்தார். அண்ணி திரும்பி, சுற்றிக்கொண்டு போ என்று அவருக்குக் கைகாட்டிவிட்டு, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.